நூறாண்டு கழிந்தும் சுரங்கக் கழிவு ஏன் நஞ்சாக இருக்கிறது? பலாங்கொடைக் காணியில் கிடக்கும் கசடும் அப்படித்தானா?

உங்கள் கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேல்ஸில் படிக்கும் உங்கள் மகள், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கமொன்றைப் பார்க்கச் சென்றபோது, அங்குள்ள கழிவுக் குவியல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று ஒரு பலகையும், அதன் அடியிலிருந்து வரும் ஓடை நீரைத் தொட வேண்டாம் என்று இன்னொரு பலகையும் நின்றதாகச் சொல்லியிருக்கிறார். சுரங்கம் மூடி நூறாண்டு ஆகியும் நீர் ஏன் தெளியவில்லை என்றும், நஞ்சு என்று தெரிந்தும் அதை அகற்றாமல் ஏன் பாதுகாக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை எழுத வைத்தது மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்: பலாங்கொடைப் பக்கம், சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள உங்கள் குடும்பக் காணியில் கறுத்துக் கனத்த கசடுக் கட்டிகள் குவிந்து கிடக்கின்றன, அவற்றை உடைத்துப் பாதைக்குப் போடலாமா, பக்கத்தில் வெட்டியிருக்கும் கிணற்று நீரைக் குடிக்கலாமா?

நான் புவி இரசாயனம் படித்து, கொழும்பில் நீர், மண், பாறை மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தவன், தொல்லியலாளன் அல்லன். ஆகவே கனிமத்தையும் நீரையும் பற்றி எழுதுவதைத் துறைசார்ந்த கருத்தாகவும், மரபுரிமை பற்றி எழுதுவதை அக்கறையோடு வாசித்தறிந்த ஒருவரின் கருத்தாகவும் கொள்ளுங்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசடைப் பாதைக்குப் போட வேண்டாம். கிணற்று நீரைச் சோதித்த பிறகு முடிவெடுங்கள். வேல்ஸில் கிடக்கும் குவியலும் உங்கள் காணியில் கிடக்கும் குவியலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் இரசாயனம் பெரும்பாலும் முற்றிலும் வேறானது. ஏன் என்பதை விளக்க முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

செம்பு, ஈயம், நாகம் (துத்தநாகம்) ஆகியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த சல்பைட்டுக் கனிமங்களாகவே பாறையில் காணப்படுகின்றன. அவற்றோடு பைரைட்டு எனும் இரும்புச் சல்பைட்டும் அடிக்கடி கலந்திருக்கும். அதற்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதால் சுரங்கக்காரர் அதை வெளியே எறிந்துவிடுவார்கள். நிலத்தடியில் ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் இக்கனிமங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மாற்றமின்றிக் கிடந்தவை. சுரங்கத்தொழில் அவற்றை நொறுக்கி, மழையும் காற்றும் படும்படி வெளியே கொட்டுகிறது. ஒரு கற்கண்டுக் கட்டியையும் அதே நிறையுள்ள சீனியையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு நொறுக்குவதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. பைரைட்டு நீரோடும் ஒட்சிசனோடும் சேரும்போது சல்பூரிக்கமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த இரும்பு மேலும் ஒட்சியேறியதும், புதிய பைரைட்டை அதுவே தாக்கத் தொடங்குகிறது. அந்தத் தாக்கத்துக்கு ஒட்சிசன் நேரடியாகத் தேவையில்லை. அமில நீரில் இரும்பு ஒட்சியேறுவது தன்னளவில் மிக மெதுவான செயல். ஆனால் அதிலிருந்து ஆற்றல் பெற்று வாழும் பற்றீரியாக்கள் உண்டு. அவை அந்த வேகத்தை ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு வரை உயர்த்த வல்லவை என்று 1970இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழற்சி. பைரைட்டு தீர வேண்டும், அல்லது நீரோ காற்றோ தடைப்பட வேண்டும். அதுவரை அது நிற்காது. இவ்வாறு உண்டாகும் அமிலம் செம்பு, நாகம், கட்மியம் போன்றவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. இத்தகைய ஓடைகளில் காணப்படும் செம்மஞ்சள் படிவு, அந்நீர் தூய நீரோடு கலந்து அமிலத்தன்மை குறையும்போது வெளியேறும் இரும்பு ஐதரொட்சைட்டு.

இதன் கால அளவை உணர்த்த ஓரிடம் போதும். வேல்ஸின் ஆங்கில்சித் தீவிலுள்ள பாரிஸ் மலையில் 1768இல் பெருஞ்செம்புப் படிவு கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய செம்புச் சுரங்கமாகி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதிக்குத் தகடு கொடுத்தது. பெருந்தொழில் அடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் அம்மலையிலிருந்து வடியும் நீர் சிவந்த நிறத்தில் கடலுக்குப் போகிறது. ஐரிஷ் கடலுக்குள் செம்பையும் நாகத்தையும் கொண்டுசேர்க்கும் பெரிய மூலங்களில் அது ஒன்று. வேல்ஸில் மட்டும் கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் ஏறத்தாழ 1,300 இருக்கின்றன. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் வீல் ஜேன் எனும் வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு நீர் இறைக்கும் பம்பிகள் நிறுத்தப்பட்டன. நிலத்தடிக் குகைகளில் நிரம்பிய அமில நீர் 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு வெளிவந்து, பல கோடி லீற்றர் அளவில் பால் (Fal) ஆற்றின் முகத்துவாரத்தைச் செம்மஞ்சளாக்கியது. மூடிய சுரங்கம் ஓய்ந்த சுரங்கம் ஆகாது என்பதைப் பிரித்தானிய அதிகாரிகளுக்கு உணர்த்திய நிகழ்வு அது.

ஈயத்தின் வழி சற்று வேறு. ஈயச் சல்பைட்டு வெளியில் கிடந்தால் அதன் மேல் எளிதில் கரையாத ஈய உப்புகள் மூடிக்கொள்கின்றன. சுற்றியுள்ள பாறை சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அமிலமும் உடனே நடுநிலையாகிவிடும். ஆகவே பல ஈயச் சுரங்க ஓடைகளில் நீர் அமிலமாக இருப்பதில்லை, கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் நாகமும் கட்மியமும் நடுநிலை நீரிலும் கரைந்து செல்லக்கூடியவை, மீன்களுக்கு அவை கொடியவை. ஈயமோ நுண்மணலாகவும் சேறாகவும் பயணம் செய்கிறது. பெருமழையில் குவியல் அரிக்கப்பட்டு, ஆற்றோரப் புல்வெளிகளில் படிந்து, அடுத்த வெள்ளத்தில் மீண்டும் கிளம்பி இன்னும் கீழே போகிறது. 2012 ஜூனில் மேற்கு வேல்ஸில் வந்த வெள்ளத்துக்குப் பின், ஆற்றுச் சேறு படிந்த புல்லைத் தீவனமாகப் பதப்படுத்திக் கொடுத்தபோது மாடுகள் ஈய நஞ்சால் இறந்தன. அந்த ஈயத்தைத் தோண்டியவர்கள் இறந்து பல தலைமுறைகள் கழிந்திருந்தன. இப்படிப்பட்ட ஆற்றுச் சமவெளிகளை உலகளவில் கணக்கிட்டு 2023இல் வெளியான ஆய்வொன்று, உலோகச் சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட வெள்ளச் சமவெளிகளில் ஏறத்தாழ 2.3 கோடி மக்கள் வாழ்வதாக மதிப்பிட்டது. அது மாதிரியுருக் கணக்கீடு. ஒவ்வொரு ஆற்றிலும் மண்ணெடுத்துச் சோதித்த எண்ணிக்கை அன்று. எனினும் கைவிடப்பட்ட சுரங்கங்கள் இயங்கும் சுரங்கங்களைவிடப் பல மடங்கு என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் பாதுகாக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. முதல் காரணம் வெறும் நடைமுறை சார்ந்தது. நூறாண்டு கிடந்த குவியலின் மேற்படை பெருமளவு ஒட்சியேறி முடிந்திருக்கும். உட்பகுதி காற்றுப் படாமல் இருக்கும். அதைத் தோண்டினால் உட்பகுதி புதிதாகக் காற்றுக்கு வரும், தூசு கிளம்பும், லொறிகளில் ஏற்றி இன்னோர் ஊரில் இன்னொரு குவியலாக்க வேண்டிவரும். அகற்றுவதுதான் சரியான தீர்வாக இருக்கும் இடங்களும் உண்டு, குறிப்பாகக் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகில். பெரும்பாலும் பயன் தருவது நீரைக் குவியலுக்குள் புகவிடாமல் திருப்புவதும், மேலே மூடுவதும், வெளிவரும் நீரைச் சுத்திகரிப்பதும்தான்.

இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் ஈர்ப்பது. உலோகம் உருக்கப்பட்டு விற்கப்பட்டு மீண்டும் உருக்கப்பட்டு மறைந்துவிடுகிறது. அதை எப்படி உருவாக்கினார்கள் என்ற அறிவு கழிவில் மட்டுமே எஞ்சுகிறது. இராஜஸ்தானின் சாவர் இதற்கு நல்ல சான்று. நாகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பது. தாதுவிலிருந்து அதைப் பிரிக்கத் தேவையான வெப்பமோ அதற்கும் மேல். ஆகவே உலையில் அது ஆவியாகிக் காற்றோடு கலந்து மீண்டும் ஒட்சைட்டாகிவிடும். சாவரின் கொல்லர்கள் களிமண் குடுவைகளில் தாதுவை அடைத்து, ஆவியைக் கீழ்நோக்கி வடித்துக் குளிரச்செய்து நாகத்தைச் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் நாகம் வடிக்கும் முறைக்கு 1738இல் காப்புரிமை பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு இது பெருந்தொழிலாக நடந்தது. எறியப்பட்ட குடுவைகளின் மலைகளே இதைச் சொல்லின. அவ்வூர் வீடுகளின் சுவர்கள்கூட அந்தப் பழைய குடுவைகளால் எழுந்தவை. வேல்ஸின் கும் அஸ்ட்வித் பள்ளத்தாக்கில், பழைய ஈய உருக்குமிடம் ஒன்றை 2002இல் அகழ்ந்தபோது ஏறத்தாழ 4,000 ஆண்டு பழைமையான சிறிய பொன் தகடு கிடைத்தது. துப்புரவு என்ற பெயரில் ஒரு புல்டோசர் அதற்கு முன் அங்கு சென்றிருந்தால் அது மண்ணோடு போயிருக்கும். நோர்வேயின் றோறோஸ் நகரில் 1644 முதல் 1977 வரை நடந்த செம்புத் தொழிலின் கசடு மேடுகள் நகரோடு சேர்த்தே பேணப்படுகின்றன. சுவீடனின் பாலுன் சுரங்கக் கழிவிலிருந்து செய்யப்படும் செந்நிறப் பூச்சுதான் அந்நாட்டு மர வீடுகளுக்கு அவற்றின் நிறத்தைக் கொடுத்தது.

மூன்றாவதாக, நாகமும் ஈயமும் மிகுந்த மண்ணைத் தாங்கி வளரும் செடிகள் உண்டு. அவை செழிக்கும் புல்வெளிகளை ஐரோப்பியச் சட்டம் தனி வாழிடமாகவே பட்டியலிட்டிருக்கிறது. குவியலை முழுவதும் மூடினால் அவை அழியும். இந்த முரண்களுக்கிடையே வழி காண முடியும் என்பதற்குக் இங்கிலாந்தின் கம்பிரியாவிலுள்ள போர்ஸ் கிராக் சுரங்கத்தைச் சுட்டலாம். 1991இல் நின்றுபோன அச்சுரங்கத்தின் கட்டடங்களையும் குவியல்களையும் அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து வரும் நீரை மட்டும் மட்கிய உரமும் மரச்சீவலும் நிரப்பிய குளங்களின் வழியே 2014 முதல் வடியவிடுகிறார்கள். அங்கு வாழும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றைச் சல்பைட்டாக்க, நாகம் மீண்டும் நாகச் சல்பைட்டாகிக் குளத்திலேயே படிந்துவிடுகிறது. பாறையில் இருந்த வடிவத்துக்கே அதைத் திருப்பி அனுப்பும் முறை இது. குளத்து நிரப்பை அவ்வப்போது மாற்ற வேண்டும், மாற்றியதை எங்கே போடுவது என்ற கேள்வியும் தொடர்கிறது. ஆயினும் இப்போதைய வழிகளில் நான் மிகவும் மதிப்பது இதுதான்.

எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மேலே விளக்கிய இரசாயனம் உறுதியானது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதும் உறுதியானது. சாம்பியாவின் கப்வேயில் 1904 முதல் 1994 வரை ஈயமும் நாகமும் எடுத்த சுரங்கத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் உலகிலேயே மிகவுயர்ந்தவற்றுள் சேரும் ஈய அளவுகள் பதிவாகியிருக்கின்றன. மனித இனத்தின் வரலாற்றில் முக்கியமான மண்டையோடு ஒன்று 1921இல் கிடைத்ததும் அதே சுரங்கத்தில்தான். பெருமையும் கேடும் அங்கு ஒரே குழியிலிருந்து வந்தன. ஐயம் தொடங்குவது மிகப் பழைய இடங்களில். ஸ்பெயினின் ரியோ தின்தோ ஆறு ஐயாயிரம் ஆண்டுச் சுரங்கத்தொழிலால் சிவந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் மனிதன் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அங்கு அமில நீர் ஓடியதை அதன் பழைய இரும்புப் படிவுகள் காட்டுகின்றன. இயற்கையின் பங்கு எவ்வளவு, சுரங்கத்தின் பங்கு எவ்வளவு என்று கோடு கிழிக்க முடியாது. யோர்தானின் பைனான் பள்ளத்தாக்கில் பண்டைய செம்புக் கசடு இன்றும் சூழலையும் கால்நடைகளையும் பாதிக்கிறது என்று ஒரு சாரார் எழுதினார்கள். அதற்குத் தெற்கே திம்னாவில் அண்மையில் மண்ணைச் சோதித்தவர்கள், மாசு உலைகளையும் கசடுக் குவியல்களையும் விட்டு அதிக தூரம் பரவவில்லை என்கிறார்கள். வறண்ட நிலத்தில் கரைத்து எடுத்துச்செல்ல நீர் குறைவு என்பதால் பின்னைய முடிவு எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. ஆனால் வறண்ட நிலத்து முடிவை நம் மலைநாட்டு மழைக்குப் பொருத்திவிடக் கூடாது.

தமிழராகிய நம்மோடு நெருங்கிய ஓரிடத்தையும் இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கோலார் தங்கவயலை உருவாக்கியவர்களில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் அயல் மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கோடி தொன்னுக்கும் மேற்பட்ட அரைத்த கழிவு, ஊருக்குள்ளேயே மலைகளாக நிற்கிறது. மக்கள் அவற்றைச் சயனைட்டு மலைகள் என்கிறார்கள். தங்கத்தைக் கரைக்கப் பயன்பட்ட சயனைட்டு வெயிலிலும் காற்றிலும் ஒப்பீட்டளவில் விரைவாகச் சிதைவது. அதைவிட நீண்டகாலக் கவலை, காற்றடிக்கும் மாதங்களில் வீடுகளுக்குள் புகும் நுண்தூசி. படிகக்கல்லை உடைத்த அவர்களுடைய பாட்டன்மாரின் நுரையீரலைச் சிலிக்காத் தூசு அழித்தது. பேரர்கள் அந்தத் தூசு மலையின் நிழலில் வாழ்கிறார்கள். அந்தக் குவியல்களில் எஞ்சிய தங்கம் எவ்வளவு என்று கணக்கிடும்போதெல்லாம், அவற்றின் அடிவாரத்தில் வாழ்வோரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உங்கள் காணிக்கு வருகிறேன். சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக 1980களின் இறுதியில் நடந்த தொல்லியல் ஆய்வில், மேற்கு நோக்கிய மலை முகடுகளில் இரும்பு உருக்கிய இடங்கள் பல வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கில் ஜுலெப், துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக் காற்றின் வேகத்தையே கொண்டு இயங்கிய உலைகள் அவை என்று 1996இல் எழுதினார். அதேபோன்ற உலையைக் கட்டி உருக்கிப் பார்த்தபோது, காற்றின் துணையால் உயர்காபன் உருக்கே கிடைத்தது. அவ்வுலைகளின் காலம் ஏறத்தாழ 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. சரந்தீபின் (இலங்கையின்) உருக்கு வாள்களை அரபு அறிஞர் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்டதற்குப் பின்னால் இருந்த தொழில் எது என்பது இதனால் விளங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் உலையின் முன்சுவரை உடைத்து இரும்பை எடுத்தார்கள். ஆகவே உடைந்த சுவர்த் துண்டு, ஊதுகுழாய்த் துண்டு, கசடு ஆகியவை விழுந்த ஒழுங்கைக் கொண்டே ஆய்வாளர்கள் அந்த முறையைப் புரிந்துகொண்டார்கள். பாதைக்காக நீங்கள் ஒரு டிராக்டர் கசடை அள்ளினால் போவது கல் அன்று, அந்த ஒழுங்கு. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட எச்சங்களைப் பாதுகாக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு அறிவிப்பதே முறை.

நஞ்சைப் பொறுத்தவரை செய்தி பெரும்பாலும் நல்லது. அங்கு உருக்கப்பட்டவை இரும்பின் ஒட்சைட்டுத் தாதுக்கள். அவற்றில் கந்தகம் மிகக் குறைவு. அத்தகைய உலைக் கசடு இரும்புச் சிலிக்கேற்றும் கண்ணாடியும் கலந்தது. அமிலம் உண்டாக்கும் பைரைட்டு அதில் இராது. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிக் கட்டியாகவே கிடப்பதே அதன் நிலைத்தன்மைக்குச் சான்று. ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் படத்தை மட்டும் வைத்து அது அந்தக் கசடுதான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கயிறு முறுக்கியதுபோல் ஒழுகி உறைந்த மேற்பரப்பு, கரித்துண்டு பதிந்த தடம், ஒரு முனை கண்ணாடியாக உருகிய களிமண் குழாய்த் துண்டு ஆகியவை இருந்தால் பழைய உலைக் கசடாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அவை இல்லாமல், நிறை குறைந்து நுரைபோல் துளைகள் மிகுந்திருந்தால் பிற்காலப் பட்டறையின் அல்லது கொதிகலனின் கசடாக இருக்கலாம். அப்போது மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டிலும் சல்பைட்டுப் படிவு உண்டு. திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் 1971இல் கண்டறியப்பட்ட செம்பு, மக்னற்றைட்டுப் படிவில் செம்புச் சல்பைட்டும் பைரைட்டும் இருக்கின்றன. அதைத் தோண்டும் நாள் வந்தால், அதன் கழிவு உங்கள் காணிக் கசடுபோல் நடந்துகொள்ளாது, பாரிஸ் மலைபோலவே நடந்துகொள்ளும். அங்கு கழிவுக்கான ஏற்பாட்டை முதல் கல்லை உடைப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம். உலோகங்களுக்கான போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள பழைய போத்தலில் எடுத்த நீர் பிழையான முடிவைத் தரும். அமிலத்தன்மை, சல்பேற்று, இரும்பு, மங்கனீசு, ஆசனிக்கு, ஈயம், கட்மியம் ஆகியவற்றைக் கேளுங்கள். குடிநீரில் ஈயத்துக்கும் ஆசனிக்குக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், கட்மியத்துக்கு 0.003. சல்பேற்று உயர்ந்திருந்தால், குறிப்பாக அமிலத்தன்மையும் மிகுந்திருந்தால், சல்பைட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரும்பும் மங்கனீசும் சற்றுக் கூடியிருந்தால் அது கசடால் வந்தது என்று முடிவு செய்யாதீர்கள். நம் செம்மண்ணும் அவற்றைத் தரும். குவியலுக்கு மேற்புறமுள்ள அயலவர் கிணற்றிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தால் ஒப்பிட முடியும். வறண்ட மாதமொன்றில் ஒருமுறையும் பெருமழைக்குப் பின் ஒருமுறையும் எடுங்கள். மலக்கிருமிச் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள். என் அனுபவத்தில், கிராமத்துக் கிணறுகளில் மக்களை உண்மையில் நோயாளியாக்குவது பெரும்பாலும் அதுதான். அறிக்கை கிடைத்ததும் எண்களை இங்கே பதிவிட்டால், அவற்றை உங்களோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறேன்.